குடிமராமத்து

தலைமதகுக்குக் கீழேயுள்ள வாய்க்கால், கரை, வடிகால் ஆகியவற்றின் சில்லறைப் பழுதுகளை ஊர்க்குடிகள் தத்தம் நிலப்பங்கின் வீதப்படி ஆளாகவோ பணமாகவோ தந்து கூட்டாகச் செப்பனிட்டுக்கொள்ளும் பழவழக்கமும், அதனை ஆதாரமாகக் கொண்டு அரசும் பஞ்சாயத்துகளும் பிற்காலத்தில் சிறு தொகைகளை அளித்து நடத்திய பணிகளும் குடிமராமத்து எனப்படும்.

சோழர் காலத்தில் இக்காரியம் ஊர்ச்சபைகளின் பொறுப்பாயிருந்தது. முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்ச் சாசனங்கள் (919, 921) குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. வெட்டி, அமஞ்சி என்று கல்வெட்டுகளில் வருவன ஊதியமில்லாத உழைப்பைக் குறிப்பவை. தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களைப் பார்த்தால், கோயிலுக்கு வைப்பாக அளிக்கப்பட்ட காசை ஊர்ச்சபைகள் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12½, வட்டியாகச் செலுத்த உடன்பட்டமை தெரிகிறது. பொதுப்பணத்தை வாங்கவும், அதற்குப் பொறுப்பேற்கவும் ஒரு கிராம ஸ்தாபனத்துக்கு அந்நாளில் தகுதி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை.

காவிரிப் பாசனத்தில் ஆறு வற்றிக் கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களே இவ்வேலைக்கு உரியவை. கயிறு பிடித்து, முளையடித்து, இத்தனை கோல் இன்ன பங்குக்காரருக்கு என்று வாய்க்காலைப் பகுத்துவிட்டால், மண்வெட்டியும் கூடையுமாக இறங்கும் ஆட்கள் வண்டலை வெட்டிக் கரைமேல் ஏற்றுவார்கள். அவ்வண்டலே கரையை உயர்த்தவும் உதவும். கடைமடைக்காரருக்கு இதில் அக்கறை அதிகம். தலைமடையில் ஒரு சாண் மண் தங்கினாலும், அவருடைய நாற்றங்காலுக்குத் தண்ணீர் எட்டாது. ஆனால் இவ்வழக்கத்தைப் புகழ்ந்து பேசுவோர் எளிதில் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு: பங்கு மிராசுதாருடையதேயாயினும், சேற்றில் நின்ற கால்கள் பெரும்பாலும் அவருடைய பண்ணையாட்களுடையவை.

1799இல் தஞ்சை ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. பேரணைகளையும் ஆறுகளையும் சர்க்கார் கவனித்துக்கொள்ள, சிறு வாய்க்கால்கள் குடிகளின் கடமையாகவே விடப்பட்டன. அக்கடமையும் தளர்ந்துபோகவே, 1858ஆம் ஆண்டின் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி ஆள் தர வேண்டியவர் தக்க காரணமின்றித் தவறினால் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என விதித்தது. வழக்கம் சட்டத்தின் துணையை நாட நேர்ந்ததே அதன் வலிமை குன்றியதற்கு அடையாளம் என்று கொள்ளலாம். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பண்ணையாளைக் கூப்பிட்டவுடன் வாய்க்காலுக்கு அனுப்பும் பழைய ஏற்பாடு நீடிப்பதற்கு இடமில்லாது போயிற்று. அது போனதில் வருந்துதற்குரியது ஒன்றுமில்லை.

இதனிடையே பஞ்சாயத்துகள் வளர்ந்தன. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம், பஞ்சாயத்து வசூலிக்கும் வீட்டுவரிக்கு ஈடாக அரசு மானியம் தர வகைசெய்தது; ஊர் தன் பங்கைத் திரட்டினால் அரசும் தன் பங்கைத் தரும் என்னும் நியாயம் அதில் அமைந்திருந்தது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டத்துக்கும் அதே நியாயம்தான் அடிப்படை. பள்ளிக் கட்டடம், சாலை, குளம் முதலியவற்றுக்கு மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் தந்தால் எஞ்சியதை அரசு ஏற்கும்.

குடிமராமத்து என்ற பெயர் 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில் மீண்டும் அரசாங்க ஏட்டில் ஏறியது. முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. ஒப்பந்தப்புள்ளி கோராமல் பாசனதாரர் சங்கங்களிடமே வேலை ஒப்படைக்கப்பட்டது. பத்தில் ஒரு பங்கைச் சங்கத்தார் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டியிருந்தது. கோலளந்து பிரித்த நாளில் யார் பங்கு வெட்டப்படாமல் கிடக்கிறது என்பதை ஊரே நின்று பார்த்தது. இத்திட்டத்திலோ அந்தப் பத்தில் ஒரு பங்கு எவர் கையிலிருந்து வந்தது என்பது கணக்கேட்டைப் புரட்டினால்தான் தெரிந்தது. சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை செய்கிறார் என்ற முறையீடு எழுந்ததும் இதனால்தான். டெல்டாவுக்கே உரிய இடர் மற்றொன்று: மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன்னர் தூர்வாரி முடிக்க வேண்டியிருக்க, நிதி ஒதுக்கீடு தாமதப்படும் ஆண்டுகளில் ‘சி’, ‘டி’ பிரிவுகளைச் சேர்ந்த சிறு வாய்க்கால்களில் காட்டாமணக்கு அகற்றப்படுமுன்பே தண்ணீர் வந்துவிடுகிறது.