ஊவாத் தோட்டங்களும் முத்திரை வெட்டும் கலையும்

இலங்கையின் மலையகம் முழுவதும் ஒரே காலத்தில் மழை பெறுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றால் அற்றனும் மஸ்கெலியாவும் நனைந்து கிடக்கும் ஆடி, ஆவணி மாதங்களில், மலைத்தொடரின் மறுபுறத்தேயுள்ள பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளில் வறண்ட காற்றே வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் அளிப்பது அக்காற்றேயாகும். ஊவாவின் மழைக்காலம் ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீளும். பாடசாலைகளின் மார்கழி விடுமுறையும் அதற்குள் அடங்கும். லயத்து இஸ்தோப்பைவிட்டு இறங்கமுடியாத அத்தகைய நாட்களுக்குப் பொருத்தமான பொழுதுபோக்குகளுள் ஒன்று, அழிறப்பரில் முத்திரை வெட்டுதல். இது உலகின் பல பாகங்களிலும் காணப்படுவது. சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடத் தக்கதாகவும் தோன்றலாம். ஆயின் முத்திரை என்னும் பொருளுக்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் இடையே நிலவிய உறவை நோக்குவோர்க்கு, தோட்டத்துப் பிள்ளையொன்று தன் பெயரைத் தானே முத்திரையாக வெட்டுவது அத்துணைச் சாதாரணமான செயலன்று.

முத்திரை தொன்றுதொட்டு உடைமையின் சின்னமாகவும் ஆணையின் சின்னமாகவும் இருந்து வந்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களின்மீது சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறும். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பிராமி எழுத்துடைய முத்திரையும் இம்மரபினதே. (இலங்கைத் தமிழில் அஞ்சற்றலையையும் முத்திரை என்றே வழங்குவதால், இக்கட்டுரையில் அச்சொல் பொறியையே குறிக்கும் எனக் கொள்க.) இறப்பரின் வரலாறு இவற்றிற்கு மிகப் பிற்பட்டது. பென்சிற் கோட்டை அழிக்கும் அதன் ஆற்றலை யோசப் பிரீஸ்ட்லி 1770 இல் குறிப்பிட்டார். 1839 இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி அதனை உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். 1860களில் அமெரிக்காவில் இறப்பர் முத்திரை தோன்றிற்று. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூத் தோட்டத்தில் முளைவிட, 1876 இல் ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் இலங்கையை அடைந்து கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் ஊவாவின் தாழ்ந்த சரிவுகளிலும், குறிப்பாக மொனராகலைப் பக்கத்தில், இறப்பர் பரவியது. பாலைச் சேகரித்த கைகளும் முத்திரையைப் பிடித்த கைகளும் வேறு வேறாயிருந்தன.

தோட்ட வாழ்வில் ஒருவன் யார் என்பதைப் பிறர் இட்ட குறியே தீர்மானித்தது. முதலில் ‘துண்டு’. ஆட்கள் பட்ட கடன் அடைக்கப்படின் அவர்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக்கொடுத்த தாள் அது. அதனைக் கையிற்கொண்டே கங்காணி தன் ஆட்களுக்கு வேறு தோட்டம் தேடினான். கடன் கைமாறும்போது மனிதரும் கைமாறினர். இம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனோடு தகர வில்லையும் சேர்ந்துகொண்டது. தமிழகத்திலிருந்து புறப்படும் ஆளின் கழுத்தில் கட்டப்பட்ட அவ்வில்லையில் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன; பெயர் இல்லை. பொதிக்கு முகவரி ஒட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை என்று கூறின் மிகையாகாது.

தோட்டத்தை அடைந்தபின் பெயர் வந்தது. ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. பிரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்பட்டுச் செக்ரோலில் பதியப்படும் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்பது மலையக வழக்கு. வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. கணக்கப்பிள்ளை பேர் போட்டால்தான் கூலி. ஒருவனின் பெயரே அவனது கூலியின் அளவாகி, அதைப் பதியும் உரிமை மற்றொருவனிடம் இருந்த இந்நிலையை இச்சொல்லைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது.

தேயிலைக்கோ முழுப்பெயர் இருந்தது. தோட்டத்தின் பெயர், தரம், நிறை, பெட்டி எண் யாவும் ஒவ்வொரு பெட்டியின் மீதும் துளைத்தகட்டின்வழி மையால் பதிக்கப்பட்டன. தகட்டில் எழுத்து நேராகவே வெட்டப்படும், ஆனால் பி.ஓ.பி. என்னும் தரக்குறியை வெட்டும்போது ஆங்கில எழுத்துக்களின் உள்வட்டம் விழுந்துவிடாதவாறு சிறு பாலங்கள் விடல் வேண்டும்.

சுதந்திரத்தின் பின் முத்திரையின் ஆற்றல் பெருகியதேயன்றிக் குறையவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் தொடர்ந்து வசித்தமையைத் தாளிற் காட்ட வேண்டியிருந்தது. அத்தாளோ பெரும்பாலும் தோட்ட அலுவலகத்தின் தயவில் இருந்தது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு எனவும் 300,000 பேர் இலங்கைக்கு எனவும் பகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னைய பேச்சுவார்த்தைக்கு விட்டுவைத்தது. 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தேயிலையை இறக்க 1924 இல் பதுளையை அடைந்த புகையிரதப்பாதை, கடவுச்சீட்டில் முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களையும் தலைமன்னார்த் திசைக்கு இறக்கிச் சென்றது. எஞ்சியிருந்த நாடற்றோரின் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேயே இயற்றப்பட்டது.

இப்பின்னணியில் சிறுவனின் அழிறப்பருக்கு மீள்வோம். கடையில் செய்யப்படும் முத்திரைக்கு ஈய எழுத்துக் கோத்து, அச்சுவார்ப்பு எடுத்து, இறப்பரைச் சூட்டில் அழுத்த வேண்டும். கையால் வெட்டுவதற்குச் சவர அலகும் குண்டூசியும் போதும். மெல்லிய தாளில் மென்பென்சிலால் பெயரை எழுதி, அழிறப்பரின் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து இடவலம் மாறிப் பதியும். எழுத்தை விட்டுச் சூழவுள்ளதை அகற்றுதலே வேலை. அலகைச் சாய்த்துப் பிடித்து, கோட்டின் அடி அகன்றிருக்குமாறு வெட்ட வேண்டும். நேராக இறக்கினால் மெல்லிய கோடு மை ஒற்றும்போது வளைந்துவிடும்.

தமிழெழுத்து இங்குத் தனித் தொல்லை தரும். ‘பதுளை’ என்பதை வெட்டுபவன், ளகரத்தின் முன் நிற்கும் இணைக்கொம்பை அதன் வலப்புறத்தே வைத்தல் வேண்டும். பகரம் எப்பக்கம் திருப்பினும் பெரிதும் மாறாது, டகரம் ஏமாற்றிவிடும். எல்லாவற்றிலும் கடினமானது மெய்யெழுத்தின் புள்ளி. சூழவுள்ள யாவும் போனபின் கடுகளவாய்த் தனித்து நிற்கும் அதனை அலகு சற்றே தவறினும் இழந்துவிடலாம். பெயரின் ஈற்றில் மெய் வரும் தமிழர் பலராதலின் இவ்விடர் பொதுவானது. புள்ளி போனால் ‘முருகன்’ ‘முருகன’ ஆகிவிடுவான்.

இக்கைவேலையை முதிர்ந்த கலையாகக் கொண்டோரும் உளர். சப்பானில் நான்சி செக்கி (1962–2002) அழிறப்பரில் வெட்டிய முகங்களோடு தொலைக்காட்சி விமர்சனம் எழுதிப் புகழ்பெற்றார். அவரது அச்சுக்கள் நூலுருப் பெற்றுள்ளன. லயத்து முத்திரைகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவை பதிந்த இடம் அப்பியாசக் கொப்பியின் பின்னட்டையே. தோட்டத் தகர வில்லைகளைச் சேகரிப்போர் உளர். துண்டுமுறை பற்றி ஆய்வேடுகள் உள. தேயிலைப் பெட்டிகள் போய்க் கடதாசிச் சாக்குகள் வந்தன. அழிறப்பரோ சில ஆண்டுகளில் இறுகி வெடித்துவிடும்; முதலில் உதிர்வது புள்ளி.