ஒரு தாத்தா, ஒரு பொண்ணு, 2006

வீடியோவில் உக்காந்து பேசுறவங்கள்ல யாரைப் பார்க்கலாம்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் நீட்டுவாங்க. என் லிஸ்ட்டில் முதல் பேர் ஒரு தாத்தா. 2014லயே காலமாயிட்டார். பீட்டர் ஓக்லி, இங்கிலாந்தில் டெர்பிஷயர்க்காரர். அவர் பேச ஆரம்பிச்ச அதே 2006 கோடையில் அமெரிக்காவில் ஒரு பொண்ணும் கேமரா முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டிருந்தா. இந்த ரெண்டு கதையையும் சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான் வீடியோப் பதிவுங்கிற சமாச்சாரமே புரியும்ங்கிறது என் கட்சி. (அப்ப எனக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் வயசு. எல்லாம் பின்னாடி தேடிப் படிச்சதும் பார்த்ததும்தான்.)

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். இந்த ஆட்டத்தில் முதல் ஆள்னு பொதுவா சொல்லப்படுறவர் ஆடம் கோன்ட்ராஸ். 2000 ஜனவரி 2ஆம் தேதி, ஒஹாயோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ற கதையை எழுதும்போது கூடவே ஒரு குட்டி வீடியோவையும் போட்டார். 2004 புத்தாண்டு அன்னைக்கு பாஸ்டன்காரர் ஸ்டீவ் கார்ஃபீல்ட், இது வீடியோப் பதிவுகளின் வருஷம்னு அறிவிச்சார். மனுஷன் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார். அந்த வருஷத்தில் வீடியோ போடுறது சாமானியர் வேலை இல்லை. ஒருத்தர் ரியல்பிளேயர், இன்னொருத்தர் குயிக்டைம், மூணாவது ஆள் விண்டோஸ் மீடியா. எதுக்கு எந்த ப்ளகின்னு தேடுறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். அதைவிடப் பெரிய கொடுமை, நம்ம வீடியோ ஹிட் ஆச்சுன்னா பேண்ட்வித் பில் நம்ம தலையிலதான். நாலு பேர் பார்த்தா சந்தோஷம், நாலாயிரம் பேர் பார்த்தா திவால் :)

2005ல யூட்யூப் வந்து இந்த ரெண்டு தலைவலியையும் ஒரே அடியா எடுத்துச்சு. எந்த பார்மட்ல கொடுத்தாலும் அவங்க சர்வர்லயே மாத்தி, ஃபிளாஷ் பிளேயர்ல ஓடுற மாதிரி ஆக்கிடுவாங்க. ஃபிளாஷ் ஏற்கெனவே கிட்டத்தட்ட எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருந்துச்சு. பில்லும் அவங்க கணக்கு. 2005 ஏப்ரல் 23 அன்னைக்கு ஏறின முதல் வீடியோ, நிறுவனர்கள்ல ஒருத்தரான ஜாவேத் கரீம் சான் டியகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னாடி நின்னு பேசுற 19 செகண்ட். பெருசா ஒண்ணும் சொல்லலை. தும்பிக்கை நீளமா இருக்குங்கிறார், அவ்வளவுதான். ஆனா கோடெக்னா என்னன்னே தெரியாத ஆளும் பேசலாம்ங்கிற கதவு அங்கதான் திறந்துச்சு.

அந்தக் கதவு வழியா 2006 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம்ம தாத்தா நுழைஞ்சார். வயசு 79ஐ நெருங்கிட்டிருந்துச்சு. மனைவியை இழந்து தனியா வாழ்ந்துக்கிட்டிருந்தவர். தன் பேரைச் சொல்லலை. வச்சுக்கிட்ட புனைபெயர் ஜெரியாட்ரிக்1927. பிறந்த வருஷத்தையும் சேர்த்து, தமிழ்ல 'கிழம்1927'னு வச்சுக்கலாம். வீடியோ தலைப்பு 'முதல் முயற்சி'. தயங்கித் தயங்கித்தான் பேசுறார். சின்னப் பசங்க போடுற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இந்தத் தளத்துக்கு அடிமையாயிட்டேன், நானும் ஒரு கிழவன் பார்வையில் வாழ்க்கையைப் பத்திக் கொஞ்சம் புலம்பிக்கலாமான்னு கேக்கிறார்.

கேட்ட கேள்விக்குப் பதில் வெள்ளமா வந்துச்சு. அந்த மாசம் முடியறதுக்குள்ளயே யூட்யூபில் அதிக சந்தாதாரர்கள் உள்ள ஆள் அவர்தான். 'எல்லாத்தையும் சொல்லிடறேன்'ங்கிற மாதிரி ஒரு தலைப்பில் தொடர் ஆரம்பிச்சார். சின்ன வயசுல பார்த்த ஆங்கிலேய வர்க்க பேதம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் மெக்கானிக்கா இருந்தது, மோட்டார் சைக்கிள் பைத்தியம், வயசான காலத்தில் தனியா இருக்கிறது. கட் கிடையாது, எஃபெக்ட் கிடையாது, ஆரம்பத்தில் கொஞ்சம் பிளூஸ் இசை. அப்புறம் ஹெட்போன் மாட்டின ஒரு முகம் நம்மைப் பார்த்துப் பேசும். நம்ம ஊர்ல திண்ணையில் உக்காந்து தாத்தா கதை சொல்ற அதே வேகம். பத்திரிகைக்காரங்க துரத்தினப்ப ஒதுங்கித்தான் நின்னார்.

இனி அந்தப் பொண்ணு. லோன்லிகேர்ள்15, பேர் ப்ரீ, வயசு 16. 2006 ஜூன்லேர்ந்து தன் படுக்கையறையில் உக்காந்து பேசினா. வீட்டுலயே படிப்பு, கடுமையான மதப்பற்றுள்ள அப்பா அம்மா, டேனியல்னு ஒரு நண்பன். ரசிகர்கள் மெயில் போட்டா பதிலும் வரும். தாத்தாவுக்கு அப்புறம் அந்த முதலிடத்தைப் பிடிச்சது இவதான்.

ஆனா சிலருக்கு உறுத்துச்சு. லைட்டிங் கொஞ்சம் ஜாஸ்தியாவே நல்லா இருக்கு, எடிட்டிங் கச்சிதமா இருக்கு. அடுத்து அவங்க செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். அவ பேர்ல வர்ற மெயில் எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ரசிகர்கள் மூணு பேர் டிராக்கிங் மென்பொருள் வச்சுப் பொறி போட்டாங்க. ஐ.பி. முகவரி போய் நின்ன இடம் ஹாலிவுட்டின் கிரியேட்டிவ் ஆர்டிஸ்ட்ஸ் ஏஜென்சி! வீட்டை விட்டு வெளிய போகாத பொண்ணு நடிகர்களோட ஏஜென்சியிலிருந்து எப்படி மெயில் போடுவா? செப்டம்பர்ல குட்டு உடைஞ்சுது. ப்ரீயா நடிச்சவர் நியூசிலாந்தில் வளர்ந்த 19 வயசு ஜெசிகா ரோஸ். படைச்சவங்க மெஷ் ஃபிளிண்டர்ஸ், மைல்ஸ் பெக்கெட், அப்புறம் வக்கீல் கிரெக் குட்ஃபிரைட். குட்ஃபிரைடின் மனைவி வேலை பார்த்தது அந்த ஏஜென்சியில். மெயில் ரகசியம் அதுதான்.

நியாயமாச் சொல்லணும்னா கதையா அது நல்ல கதை. குட்டு உடைஞ்ச பிறகும் 2008 ஆகஸ்ட் வரை ஓடிச்சு, பார்த்தாங்க. என் ஆதங்கம் வேற. அந்த மெயில்கள். தனிமையில் இருக்கிற ஒரு பொண்ணுக்கு ஆறுதலா இருக்கும்னு நிஜமான ஆளுங்க மெனக்கெட்டு எழுதினாங்க இல்லையா, அதை வேற யாரோ ஆபீஸ்ல உக்காந்து படிச்சுப் பதில் போட்டுக்கிட்டிருந்தாங்க. நடிப்பை மன்னிக்கலாம். இதை என்னால் முடியலை.

இன்னொண்ணும் யோசிச்சேன். தாத்தாவும் நடிகரா இருந்திருக்கலாமே? அந்த ஆகஸ்ட்ல பார்த்தவங்களுக்குச் சோதிக்க என்ன வழி இருந்துச்சு? ஒண்ணும் இல்லை. வருஷக்கணக்கா வந்துக்கிட்டே இருந்தார், அது ஒண்ணுதான் சாட்சி. இதே கதைதான் அமெரிக்காவின் கிரீன் சகோதரர்களும். அண்ணன் ஜான், தம்பி ஹாங்க். 2007 ஜனவரி 1லேர்ந்து ஒரு வருஷம் எழுத்தில் பேசிக்கிறதே இல்லை, மெயிலும் கிடையாது, மெசேஜும் கிடையாது, மாத்தி மாத்தி வீடியோதான்னு சபதம் எடுத்தாங்க. ஒரு வருஷத்துக்கு ஆரம்பிச்சது இன்னும் நிக்கலை.

ஓக்லி 2007ல 'தி ஜிம்மர்ஸ்'ங்கிற முதியோர் பாட்டுக் குழுவில் சேர்ந்தார். 'மை ஜெனரேஷன்' பாட்டை அவங்க பாடினது இங்கிலாந்து தரவரிசையிலேயே இடம் பிடிச்சுது. மத்தபடி அதே அறை, அதே முகம். எட்டு வருஷத்தில் 400க்கு மேல வீடியோ. 2014 பிப்ரவரியில் கடைசியா ஒண்ணு போட்டார். புற்றுநோய், இனி குணமாகாது, விடைபெறுகிறேன்னு அவரே கேமராவைப் பார்த்துச் சொன்னார். மார்ச் 23 அன்னைக்கு இறந்துட்டார். வயசு 86.

டிஸ்கி: பார்க்கணும்னு நினைக்கிறவங்க அந்தக் கடைசி வீடியோவில் ஆரம்பிக்காதீங்க. 'முதல் முயற்சி'யிலிருந்து வரிசையா வாங்க. ஆபீஸ்ல ஆணி இல்லாத நாளாப் பார்த்து உக்காருங்க.