மறதி நோயும் மூளையில் திரளும் புரதமும்: ரத்தப் பரிசோதனை உத்திரமேரூருக்கு வருமா?

சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பாட்டி மறுபடியும் சாப்பாடு கேட்பார். "வயசாகிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஆனால் அது டிமென்ஷியா எனும் மறதி நோயாகவும் இருக்கலாம்.

2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. நகரங்களைவிட கிராமங்களில்தான் பாதிப்பு அதிகம்.

மூளையில் என்ன நடக்கிறது?

உடலில் உள்ள புரதங்கள் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா, டவ் என்ற புரதங்கள் தவறாக மடிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. பார்க்கின்சன் நோயில் திரள்வது ஆல்ஃபா சைனூக்ளின். அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது.

திரளை ஏன் 'நிறுத்தி' வைக்க வேண்டும்?

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், சரியான பதம் சில நொடிதான். விட்டால் கெட்டியாகிவிடும். புரதமும் அப்படித்தான். தனிப் புரதம் கெட்டியான நாராக மாறுவதற்கு நடுவே, 'ஒலிகோமர்' என்ற சின்னச் சின்னத் திரள்கள் உருவாகின்றன. நரம்பு செல்களை அதிகம் பாதிப்பது இவைதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் இவை நிலைத்து நிற்பதில்லை.

அதனால் ஆய்வகத்தில் குளுட்டரால்டிஹைடு போன்ற ரசாயனத்தாலோ, ஒளியைப் பாய்ச்சியோ அந்தத் திரளை அப்படியே பிணைத்து நிறுத்துகிறார்கள். இதை வைத்து, திரளை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடிகளை உருவாக்கலாம். பரிசோதனைக் கருவிகளைச் சரிபார்க்கலாம். ஒரு சிக்கலும் உண்டு. பிணைத்த திரள், மூளையில் இருக்கும் திரளைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வேறு முறைகளிலும் சோதித்த பிறகே முடிவுக்கு வருகிறார்கள்.

ரத்தத்தில் தெரியுமா?

அல்சைமருக்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதி அளித்தது. அறிகுறி உள்ள, 55 வயதைத் தாண்டியவர்களுக்கானது அது. இது திரளை நேரடியாகப் பார்ப்பதில்லை. பி-டவ் 217, அமிலாய்டு பீட்டா என்ற இரண்டு புரதங்களின் விகிதத்தைக் கணக்கிடுகிறது.

இதில் அமிலாய்டு பீட்டா ரொம்பவே நுணுக்கமானது. டியூபின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தை வெளியே வைத்தால் அளவு குறைந்துவிடும். அதனால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். நீண்ட நாள் சேமிக்க மைனஸ் 80 டிகிரி தேவை.

உத்திரமேரூரில் என்ன நிலை?

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர். பக்கத்துக் கிராமத்தில் காலையில் எடுக்கும் ரத்தம், வெயிலில் பயணித்து ஆய்வகம் சேர்வதற்குள் புரத அளவு மாறினால், முடிவும் தவறாகிவிடும். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைத் தாளில் உலர்த்தி அனுப்பும் முறை வெளிநாடுகளில் ஆய்வில் இருக்கிறது. அது நிரூபணமானால் கிராமங்களுக்குப் பெரிய உதவி.

இப்போதே செய்ய வேண்டியது

தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே மறதி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைப்பதும், காது கேட்கும் திறனைக் கவனிப்பதும் டிமென்ஷியா அபாயத்தைக் குறைக்க உதவும். முதியோருக்கான இலவச உதவி எண்: 14567.