ஊத்து என்று ஓர் ஊர் இருந்தது

1/ வடகிழக்குப் பருவமழை தொடங்கிட்டா செய்தியில தினமும் ஒரு பட்டியல் வரும். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலைன்னு மழை அளவு சொல்லுவாங்க. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்கள்ல இவையும் உண்டு. உடன்குடியில் உட்கார்ந்து அந்தப் பேர்களைக் கேட்டிருப்பீங்க. அங்கே வாழ்ந்த மனுஷங்களைப் பத்திதான் இந்த இழை.

2/ போன வருஷம் ஒரு ஆச்சி என்கிட்ட வந்தாங்க. பிரஷர் ரொம்ப அதிகம். கால் முழுக்க அட்டை கடிச்ச பழைய தழும்பு. "எந்த ஊர்னு எழுதட்டும் ஆச்சி?"ன்னு கேட்டேன். "ஊத்துன்னு எழுதிக்கோய்யா." கூட வந்த மகள் மெதுவா சொன்னாங்க, "எம்மா, நாம இப்ப அங்க இல்லல்லா."

3/ கதை 1929-ல் ஆரம்பிக்குது. சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் சுமார் 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. ஒரு வழக்குச் செலவால ஜமீனுக்குப் பணம் தேவைப்பட்டதுன்னு நம்ம பக்கத்துப் பெரியவங்க சொல்லுவாங்க.

4/ வாங்கியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1863-ல் தொடங்கிய கம்பெனி. பர்மாவில் தேக்கு வெட்டிக்கிட்டிருந்தது. 1885-ல் பர்மா மன்னருக்கும் இந்தக் கம்பெனிக்கும் வந்த தகராறைக் காட்டித்தான் ஆங்கிலேயர் அந்த நாட்டு மேல படையெடுத்தாங்க. அதே கம்பெனிதான் நம்ம மணிமுத்தாறுக்கு மேலே தேயிலை போட்டது.

5/ 3,000 அடிக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு அஞ்சு குடியிருப்புகள். சமவெளியில் சொந்த நிலம் இல்லாத மக்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், மலை ஏறினாங்க. குளிர், அட்டை, யானை எல்லாத்தையும் தாண்டித்தான் அந்தப் பச்சைச் சரிவு உருவாச்சு.

6/ முக்கியமான விஷயம் இதுதான். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவம் ரெண்டையும் கம்பெனி கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல சட்டம்தான். ஆனா வீடு வேலையோட ஒட்டிக்கிட்டு வந்த வீடு. வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும்.

7/ அதனால என்ன ஆகும்? அம்மா ஓய்வு பெறும்போது மகனோ மகளோ கொழுந்து எடுக்கப் போகணும். அப்பதான் அந்த லைன் வீடு கையில நிக்கும். தலைமுறை தலைமுறையா அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவங்க பேர்ல ஒரு சென்ட் பட்டா கிடையாது.

8/ ஜமீன் ஒழிஞ்சு 1952-ல் நிலம் அரசுக்குப் போச்சு. குத்தகை மட்டும் தொடர்ந்துச்சு. 1988-ல் சுத்தியிருந்த காடு களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆச்சு. 2018-ல் எஸ்டேட் நிலமும் காப்புக்காடுன்னு அறிவிக்கப்பட்டது. நிலம் யாருதுன்னு ஒவ்வொரு தடவையும் பேச்சு வந்தது. அந்தப் பேச்சில் தொழிலாளிக்கு இடமே இல்லை.

9/ அவங்க வாய் திறந்து கேட்ட நாளும் உண்டு. 1999 ஜூலை 23. கூலி உயர்வும், சிறையில் இருந்த தொழிலாளிகளின் விடுதலையும் கேட்டு நெல்லை கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம். போலீஸ் தடியடி. தப்பிக்க ஆத்துக்குள்ள ஓடினாங்க. 17 பேர் செத்தாங்க. அதில் ரெண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. அவங்க மலையிலிருந்து இறங்கும் தண்ணிதான் மணிமுத்தாறு வழியா அதே தாமிரபரணிக்கு வருது.

10/ குத்தகை 2028-ல் முடியணும். 2024 ஜூன்லயே கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திடுச்சு. எஸ்டேட்டை அரசின் டான்டீ ஏற்று நடத்தணும்னு மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. டிசம்பர்ல ஐகோர்ட் அதை ஏற்கலை. மறுவாழ்வு உதவிகளைச் செய்யச் சொல்லுச்சு.

11/ காடு திரும்ப வரணும்கிறதை நான் மறுக்கலை. அந்தக் காடு தர்ற தண்ணிதான் கால்வாய் வழியா நாங்குநேரி, சாத்தான்குளம் வரைக்கும் வருது. என் கேள்வி வேற. 95 வருஷம் உழைச்ச மக்களை அனுப்பும்போது கையில என்ன கொடுத்து அனுப்புறோம்? பணம் கொடுத்தா வேலைக்குக் கணக்கு முடியலாம். ஊருக்கு?

12/ ஆச்சிக்கு பிரஷர் ஏன் ஏறுச்சு? மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்கினாங்க. கீழே வந்ததும் எங்க போய்க் கேக்கணும்னு தெரியலை. நாலு மாசம் மாத்திரையே போடலை. இடம்பெயர்ந்த முதியவங்ககிட்ட இதை நான் அடிக்கடி பாக்குறேன்.

13/ உங்க தெருவுக்கு மலையிலிருந்து யாராவது குடி வந்திருந்தா ரெண்டு விஷயம் பண்ணுங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைக் காட்டிக் கொடுங்க, பிரஷர், சுகர் மாத்திரை அங்கே இலவசம். அப்புறம் உட்கார வச்சு ஊர்க்கதை கேளுங்க. அதை எழுதி வைக்க அங்கே வேற யாரும் இல்லை.

14/ ஆச்சியோட சீட்டுல நான் ஊத்துன்னுதான் எழுதினேன்.