பல குரலும் ஒரு செவியும்

முப்பது ஆண்டுகளுக்கு முன், தா.பழூர்ப் பகுதியில் நான் ஆசிரியனாக இருந்தபோது, மாணவர் முப்பதின்மர் சேர்ந்து பாடிய தேவாரத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய விரும்பினேன். கற்பித்தவர் முதிய ஓதுவார் ஒருவர். அவரும் உடன் பாடினார். இடம், ஒரு கருங்கல் மண்டபம். வாயிலருகே நின்று கேட்டேன். பாட்டு கம்பீரமாக முழங்கிற்று. இதுவே தக்க இடமென்று துணிந்து, மைக் என்று நாம் வழங்கும் ஒலிவாங்கியை அங்கேயே நிறுத்தினேன். பின்னர் நாடாவைச் சுழலவிட்டபோது முழக்கம் இருந்தது, சொல் இல்லை. “ஐயா, இது நாங்கள் பாடியதுதானா?” என்றான் ஒரு சிறுவன்.

பலர் கூடிப் பாடுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல்! அவ்வைம்பதின்மர் எழுப்பிய ஒலியைப் பிடித்துவைக்க அன்று கருவியில்லை.

கருவி வந்த பின்னும் அது எளிதாக இல்லை. 1888ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், இலண்டன் பளிங்கு மாளிகையில் ஏறத்தாழ 4000 பேர் பாடிய ஹாண்டலின் இசையை, எடிசனின் மெழுகு உருளையில் பதிந்தனர். கருவி நூறு கெஜத்திற்கும் அப்பால் இருந்தது. இன்று அவ்வுருளையில் கேட்பது தேய்ந்ததோர் இரைச்சலே. பின்வந்த காலத்திலோ, பாடுவோர் சிலர் ஒரு புனலின் வாயருகே நெருக்கியடித்து நிற்க வேண்டியிருந்தது. மின்சார ஒலிவாங்கி வந்த பிறகே நிலை மாறிற்று. 1925ஆம் ஆண்டு மார்ச் 31இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் இசை நாடக அரங்கில் சுமார் 850 பேர் பாடியதைப் பதிவு செய்தனர்.

இனி என் பிழைக்கு வருவோம். பாடுவோர் வாயிலிருந்து நேரே வருவது ஒன்று. சுவரிலும் விதானத்திலும் பட்டுத் திரும்பும் எதிர்முழக்கம் மற்றொன்று. தொலைவு இருமடங்கானால் நேரொலியின் வலிமை நாலில் ஒரு பங்காகிறது. எதிர்முழக்கமோ மண்டபமெங்கும் ஏறத்தாழ ஒரே அளவாக நிறைந்திருக்கும். ஹார்வர்டு விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்காமற் போன காரணத்தை 1895 முதல் ஆராய்ந்த சபைன், ஒலி அங்கே சுமார் 5½ விநாடி தங்குவதை அளந்தார். நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பப் பரப்ப அந்நேரம் குறைந்தது.

அப்படியாயின் வாயிலில் நின்ற எனக்குச் சொல் விளங்கியது எவ்வாறு? எனக்குச் செவிகள் இரண்டு. வந்த திசையறிந்து வேண்டியதைப் பிரித்தெடுக்க மனமும் உண்டு. பாட்டும் எனக்கு முன்பே தெரியும்! ஒற்றை ஒலிவாங்கிக்கு இவையொன்றும் இல்லை. இரு செவிக்கு ஈடாக இரு ஒலிவாங்கிகளை அமைக்கும் முறைக்கு ஆங்கிலப் பொறியாளர் புளூம்லைன் 1931இல் காப்புரிமை கோரினார்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது இதுவே: முன்வரிசைக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னே, தலைகளுக்கு மேலாக ஒலிவாங்கியை உயர்த்தி, பின்வரிசையை நோக்கிச் சாய்த்திருக்க வேண்டும். மிக நெருங்கினால் முன்னிற்கும் இருவர் குரலே ஓங்கும். ஆதலின் ஓரடி முன்பின் நகர்த்திக் கேட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. ஊதற் காற்றுக்கு அஞ்சி நாங்கள் மறு பதிவை மார்கழி கழியட்டும் என்று ஒத்திவைத்தோம். தை பிறக்குமுன் ஓதுவார் காலமானார். அவர் குரல் உள்ள நாடா அது ஒன்றே. பண் இன்னதென்று கேட்டால் தெரிகிறது. பதிகம் இன்னதென்று, பாடிய மாணவர்களைத்தான் கேட்க வேண்டும்.