விடுதலை ஆனாலும் விடாத வழக்கு

"தற்காப்புக்காகச் சுட்டேன்னு சொன்னார், கோர்ட்டும் விட்டுடுச்சு, அவ்வளவுதான்..." சினிமாவில் கதை இங்கே முடிஞ்சிடும். நிஜத்தில்? நியூயார்க்கில் நடந்த பெர்னார்ட் கெட்ஸ் வழக்கைப் பார்த்தால் புரியும்.

1984 டிசம்பர் 22, சனிக்கிழமை மதியம். மன்ஹாட்டன் சுரங்க ரயிலில் 37 வயது கெட்ஸ். வெள்ளைக்காரர், ஏற்கனவே ஒருமுறை வழிப்பறிக்காரர்களிடம் அடி வாங்கியவர். பக்கத்தில் நாலு கறுப்பின இளைஞர்கள். அதில் ஒருத்தன் அஞ்சு டாலர் கேட்டான். கெட்ஸ் லைசென்ஸ் இல்லாத ரிவால்வரை எடுத்து அஞ்சு முறை சுட்டார். நாலு பேருக்கும் காயம். 19 வயசுப் பையன் ஒருத்தனுக்கு தண்டுவடம் போய், அப்புறம் நடக்கவே முடியலை. கெட்ஸ் ஒன்பது நாள் கழிச்சு போலீஸில் சரணடைஞ்சார்.

அங்கே பெரிய வழக்கு என்றால் முதலில் கிராண்ட் ஜூரி என்ற பொதுமக்கள் குழு ஆதாரத்தைப் பார்க்கணும். குற்றவாளியா இல்லையா என்று அது சொல்லாது. வழக்கு போடலாமா என்று மட்டும்தான் சொல்லும். 1985 ஜனவரியில் அந்தக் குழு, துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் வழக்குப் போதும், கொலை முயற்சி வழக்கு வேண்டாம் என்றது. கெட்ஸ் தப்பிச்சார் என்று ஊரே நினைச்சது.

ஆனா மார்ச் மாதம் புது ஆதாரத்தோடு இரண்டாவது கிராண்ட் ஜூரி. இந்த முறை கொலை முயற்சி வழக்கும் வந்தது!

"ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை இழுக்கக் கூடாதே?" நியாயமான கேள்விதான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் (1791) அதைத்தான் தடுக்குது. இதைத்தான் 'டபுள் ஜெபர்டி' என்பார்கள். ஆனா அந்தப் பாதுகாப்பு தொடங்குவது, விசாரணைக்கான ஜூரி உறுதிமொழி எடுக்கும் நிமிஷத்தில்தான். கிராண்ட் ஜூரி கட்டத்தில் அது கிடையாது.

அடுத்த சண்டை, 'பயம்' என்றால் என்ன என்பதில். அவர் மனசுக்குப் பயமா இருந்தால் போதுமா? போதாது என்றது 1986-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம். அந்தச் சூழ்நிலையில் நியாயமான ஒரு மனுஷனும் அப்படித்தான் பயந்திருப்பானா என்று பார்க்கணுமாம்.

1987 ஜூனில் ஜூரி தீர்ப்பு. கொலை முயற்சி உட்பட பெரிய குற்றச்சாட்டுகள் எல்லாத்திலும் விடுதலை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டனை, சுமார் எட்டு மாசம் ஜெயில். இனி மாநில அரசு அதே கொலை முயற்சி வழக்கை மறுபடி தொடவே முடியாது. அப்பீலும் கிடையாது. இப்போதான் அந்தக் கவசம் முழுசா வேலை செய்யுது.

ஆனா அந்தக் கவசத்திலும் ரெண்டு ஓட்டை. ஒண்ணு, மத்திய அரசு தனி அரசு. அது தன் சட்டப்படி தனியா வழக்குப் போடலாம். 2019-இல்கூட அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கெட்ஸ் விஷயத்தில் மத்திய அரசு வக்கீல்கள் வழக்கு வேண்டாம் என்று விட்டார்கள்.

ரெண்டாவது, நஷ்டஈடு வழக்கு. அது கிரிமினல் வழக்கே இல்லை. கிரிமினலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கணும். சிவிலில் தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். நடக்க முடியாமல் போன அந்தப் பையன் போட்ட வழக்கில், 1996-இல் பிராங்க்ஸ் ஜூரி 4.3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. கெட்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்.

அதே அஞ்சு குண்டுதான். ஒரு ஜூரி குற்றமில்லை என்றது, இன்னொரு ஜூரி பணம் கட்டு என்றது. ரெண்டுமே சட்டப்படி சரி! வினோதமாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க... டபுள் ஜெபர்டி குடிமகனை அரசாங்கத்திடமிருந்து காப்பாத்துது, அவ்வளவுதான். சுடப்பட்டவன் வந்து கணக்குக் கேட்டால், அதை அது தடுக்காது. தடுக்கவும் கூடாது என்றுதான் எனக்குத் தோணுது.