நாள் குறித்துக் காத்திருந்தவர்கள்



ஆய்வாளர் இன்ன தேதியில் வருகிறார் என்று கடிதம் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் படுகிற பாட்டை நீங்கள் அறிவீர்கள். சுவருக்குச் சுண்ணாம்பு; எழுதாமல் விட்ட பதிவேடுகளுக்கு இரவோடிரவாக மை. நானும் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் அவ்வாறு மை தீர எழுதியவன்தான், மறைப்பானேன்? முன்னறிவிப்பின்றி அவர் வந்து நின்ற ஒரு நாளில்தான் என் பள்ளியின் உண்மை நிலை எனக்கே விளங்கிற்று.

கிறிஸ்து பெருமான் மீண்டும் வருவார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படையான நம்பிக்கைகளுள் ஒன்று. அதன் சமய உண்மையை ஆராய்வது இன்று என் வேலையன்று. அந்த நம்பிக்கை மக்களை எவ்வாறு நடக்கச் செய்தது என்பதைச் சரித்திர ஆசிரியன் என்ற முறையில் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

இந்தச் சிக்கல் மிகப் பழையது. ஏறக்குறைய கி.பி. 50ஆம் ஆண்டில் பவுல் அடிகளார் தெசலோனிக்கே நகரத்துச் சபையாருக்கு ஒரு நிருபம் எழுதினார். புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று என்பர். ஆண்டவர் வருவதற்குள் எங்கள் உறவினர் இறந்துபோகிறார்களே, அவர்கள் கதி என்ன என்பது அம்மக்களின் கவலை. இறந்தவர்களும் கைவிடப்படார் என்று ஆறுதல் கூறிய பவுல், வருகையின் நாளைச் சொல்ல மறுத்துவிட்டார். இரவில் திருடன் வருவதை அதற்கு உவமையாக்கினார். அதே நகரத்தாருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம், வேலை செய்யாமல் திரிவோரைக் கடிந்துகொள்கிறது. முடிவு நெருங்கிவிட்டது என்ற எண்ணத்தால் அவர்கள் தொழிலை விட்டிருக்கலாம் என்று பலர் கருதுவர். இந்த இரண்டாம் நிருபத்தைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. யார் எழுதியிருந்தாலும், எழுதியவருக்குச் சோம்பல் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

இனிப் பதினெட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி அமெரிக்காவுக்கு வாருங்கள். வில்லியம் மில்லர் என்பவர் 1782இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில் பயிர் செய்தவர். 1812இல் இங்கிலாந்துடன் மூண்ட போரில் படைத்தலைவராகப் பணியாற்றினார். இளமையில் வேதாகமத்தை நம்பாதிருந்தவர், போருக்குப் பின் பாப்டிஸ்து சபையில் சேர்ந்து அதை வரிவரியாக ஆராயத் தொடங்கினார். தானியேல் ஆகமத்தில் 2300 நாள் என்றொரு கணக்கு வருகிறது. நாள் என்றால் ஆண்டு என்று கொண்டார். பாரசீக மன்னன் அர்தசஷ்டா எருசலேமைக் குறித்துக் கட்டளையிட்ட கி.மு. 457இலிருந்து எண்ணினார். 2300இல் 457 போனால் 1843. அந்த ஆண்டையொட்டி உலகம் முடிந்து கிறிஸ்து வருவார் என்று 1818 வாக்கிலேயே தீர்மானித்துவிட்டார். ஆனால் அவசரக்காரர் அல்லர். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் தம் கணக்கைத் தாமே சோதித்த பின்னர்தான், 1831இல் பொது மேடையில் பேசலானார்.

1833 நவம்பரில் வட அமெரிக்க வானத்தில் விண்மீன்கள் மழைபோல் பொழிந்தன. 1843 மார்ச்சில் பெரியதொரு வால்நட்சத்திரம் தோன்றிற்று. மக்கள் மனம் கலங்கியது. பாஸ்டன் நகரப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் 1840இல் இதற்கெனவே பத்திரிகை தொடங்கினார். மில்லரைப் பின்பற்றியோர் 50,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவர்.

அவர் கூறிய காலவரம்பு 1844 மார்ச்சில் முடிந்தது. ஒன்றும் நிகழவில்லை. இதற்கிடையில் கணக்கிலேயே ஒரு பிழை தென்பட்டிருந்தது. கி.மு. 1க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1, இடையில் பூஜ்ய ஆண்டு என்று ஒன்று இல்லை. ஆகவே 2300 ஆண்டு நிறைவது 1843இல் அன்று, 1844இல். (வகுப்பில் இக்கணக்கை நான் கொடுத்தபோதெல்லாம் முக்கால்வாசிப் பேர் மில்லர் செய்த அதே பிழையைச் செய்தார்கள்.) அந்த ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த கூட்டத்தில் சாமுவேல் ஸ்நோ என்பவர், யூதர்களின் பாவநிவாரண நாளைக் கொண்டு, 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்துவிட்டார். மில்லர் அதை உடனே ஏற்கவில்லை. அந்த நாளுக்குச் சில வாரங்களே இருந்தபோதுதான் இசைந்தார்.

அந்தச் சில வாரங்களில் நடந்தவற்றை இருவகையாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். சிலர் பழைய கடன்களைத் தீர்த்தார்கள். யாருக்கோ இழைத்த தீங்கை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். வேறு சிலர் கடையை மூடினார்கள். விளைந்த பயிரை நிலத்திலேயே விட்டார்கள். இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. ஆனால் அக்டோபர் 23ஆம் நாள் காலையில் முதல் வகையினருக்குத் தங்கள் செயலுக்காக வருந்தக் காரணம் இல்லை. இரண்டாம் வகையினருக்குக் குளிர்காலம் எதிரே நின்றது.

22ஆம் நாள் செவ்வாய்க்கிழமை. வீடுகளிலும் கூடங்களிலும் கூடிக் காத்திருந்தார்கள். நள்ளிரவு கடந்தது. பொழுது விடியும்வரை அழுததாக அவர்களுள் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்தார். ‘பெரும் ஏமாற்றம்’ என்றே சரித்திரம் அந்நாளைக் குறிக்கிறது. ஊரார் எள்ளினார்கள். வெள்ளை அங்கி அணிந்து கூரைமேல் ஏறி நின்றார்கள் என்ற கதை நெடுங்காலம் வழங்கிற்று. 1944இல் பிரான்சிஸ் நிக்கல் அதைத் துருவி ஆராய்ந்து, நம்பத்தக்க சான்று இல்லை என்று காட்டினார். நிக்கல் அந்த மரபிலிருந்து எழுந்த சபையைச் சேர்ந்தவர் என்பதையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். எனினும் அவருக்குப் பின் வந்த வரலாற்று ஆசிரியர்களும் அந்த அங்கிக் கதையைப் பெரிதாக ஏற்பதில்லை.

அவர்களுள் பலர் சிதறிப்போனார்கள். ஒரு சிறு பிரிவினர் நாள் சரியே, நிகழ்ச்சியைத்தான் தவறாகப் புரிந்துகொண்டோம் என்றார்கள். அவர்களிடமிருந்து 1863இல் ஏழாம் நாள் அட்வெந்து சபை அமைந்தது. இன்னும் சிலர் புதிய புதிய தேதிகளைக் குறித்து ஏமாந்தார்கள்.

மில்லர் புதிய தேதி எதுவும் குறிக்கவில்லை. ஏமாற்றத்துக்குப் பின் சில வாரங்களில் அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மனத்தில் வேறொரு காலத்தைக் குறித்துக்கொண்டதாகவும், அது ‘இன்று’ என்றும், ஆண்டவர் வரும்வரை ஒவ்வொரு நாளும் அந்த ‘இன்று’ தொடரும் என்றும் அதில் சொல்கிறார். 1845இல் அச்சிட்ட விளக்கத்தில் தம் கணக்குப் பிழைத்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிறர்மேல் பழி போடவில்லை. பெரிய கூட்டத்தின் முன் பேசியவர் அதே கூட்டத்தின் முன் ‘பிழைத்தேன்’ என்பது எளிதன்று. கரும்பலகையில் நான் போட்ட தப்புக் கணக்கை ஒரு சிறுவன் சுட்டிக்காட்டியபோது என் நாக்கே எழவில்லை.

அவ்வாண்டே ஊர்ச் சபை அவரை விலக்கிற்று. தம் நிலத்தில் 1848இல் சிறிய ஆலயம் ஒன்று கட்டினார். அப்போது கண்பார்வை மங்கிவிட்டது. 1849 டிசம்பர் 20ஆம் நாள் காலமானார்.

அந்த இலையுதிர்காலத்தைப் பற்றி இன்னொரு செய்தி. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு குடியானவர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டாராம். அவ்வாண்டுகளில் அப்பகுதியில் கிழங்கு அழுகல் நோய் பரவியிருந்தது உண்மை. முன்னதாகத் தோண்டிய அயலார் கிழங்குகள் அழுகிப்போக, இவர் நவம்பரில் தோண்டியவை நல்லனவாக இருந்தன என்று அச்சபையார் சொல்லி வருகிறார்கள். சொல்பவர்கள் அவர்களே ஆகையால் சரித்திர ஆசிரியன் இதைச் சற்று ஒதுக்கியே வைக்க வேண்டும். ஆனால் பிழைப்பிழந்த ஒரு மனிதர் குளிரில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி வயலுக்குப் போனார் என்ற அளவில் அதை நம்ப எனக்குத் தடையில்லை.